'அடாப்ஷன்' தத்தெடுப்பா, ஏற்பா, கைக்கொள்ளலா?

அன்புடையீர், வணக்கம்.

உழவர்களின் டிஜிட்டல் திறன் குறித்த கட்டுரைகளில் புதிய கருவியையோ முறையையோ பயன்பாட்டுக்கு எடுத்துக்கொள்வதைக் குறிக்கும் 'டெக்னாலஜி அடாப்ஷன்' என்பதைத் 'தொழில்நுட்பத் தத்தெடுப்பு' என்று எழுதும் வழக்கம் பரவிவருகிறது. மண் ஈர உணரி ஒன்றை வாங்கி வயலில் நட்ட எந்த உழவரும் அதைத் தத்தெடுத்ததாகச் சொல்லமாட்டார். அகராதியின் முதற்பொருளை அப்படியே எடுத்து வைத்ததால் வந்த வினை இது.

'ஏற்பு' இதனினும் மேலானது. எனினும் அதை வேறொன்றுக்கு ஒதுக்கிவைக்க வேண்டும் என்பது என் கருத்து. மக்கள் புதிய தொழில்நுட்பத்தை ஏன் ஏற்கிறார்கள் என்பதை விளக்க ஆய்வாளர் ஃபிரெட் டேவிஸ் 1989இல் முன்வைத்த 'அக்செப்டன்ஸ் மாடல்', ஒரு கருவி பயன் தரும், கையாள எளிது என்னும் இரு எண்ணங்களிலிருந்து தொடங்குகிறது. 'ஏற்பு' அதற்கே பொருந்தும். புதுமைகள் மக்களிடையே பரவுவதை ஆராய்ந்த எவரெட் ரோஜர்ஸ் 1962 முதல் பேசிய 'அடாப்ஷன்', புதியதொன்றை முழுமையாகப் பயன்படுத்துவதே தக்க வழி என்று எடுக்கும் முடிவு. பாசன ஆலோசனைச் செயலியைப் பதிவிறக்கி, நிலத்தின் எல்லையையும் அதில் குறித்துவிட்ட ஒருவர், ஈரமும் சேறும் படிந்த விரலைத் தொடுதிரை உணராமற்போக, வெயிலில் எழுத்தும் தெரியாமற்போக, பழையபடி ஒரு பிடி மண்ணை அள்ளி உருட்டிப் பார்த்தே தண்ணீர் பாய்ச்சுகிறார் என்றால், அவரிடம் ஏற்பு உண்டு, அடாப்ஷன் இல்லை. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால் இவ்வேறுபாட்டைத் தமிழில் எழுதவே இயலாது.

ஆகவே 'கைக்கொள்ளல்' என்பதை முன்மொழிகிறேன். பழக்கத்தையும் நெறியையும் கைக்கொள்வதாக நாம் முன்பே எழுதிவருகிறோம். கைக்கொள்வோர், முந்திக் கைக்கொள்வோர், கைக்கொள்ளல் வீதம் என்று கிளைச்சொற்களும் தடையின்றி அமைகின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, பயன்படுத்தத் தொடங்கிப் பின்னர் நிறுத்திவிடுவதற்குக் 'கைவிடல்' என்னும் இணைச்சொல் ஆயத்தமாகவே இருக்கிறது. கைக்கொள்ளலுக்கு முன் சோதித்துப் பார்க்கும் கட்டமும் ஒன்று உண்டு. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் கலப்பின மக்காச்சோளம் பரவியது பற்றிச் சமூகவியலாளர்கள் ரையனும் கிராஸும் 1943இல் வெளியிட்ட ஆய்வில், 259 உழவர்களுள் இருவர் தவிர அனைவரும் 1941க்குள் அவ்விதைக்கு மாறியிருந்தனர். ஆனால் பலர் முதலில் நிலத்தின் சிறுபகுதியில் மட்டுமே விதைத்துப் பார்த்தனர். அந்தக் கட்டத்துக்கு 'வெள்ளோட்டம்' போதும், புதுச்சொல் வேண்டியதில்லை.

மேற்கோள், குறிக்கோள் போலக் 'கைக்கோள்' என்று சுருக்கலாமே என்று கேட்கலாம். இலக்கணம் இடந்தரும். ஆனால் செயற்கைக்கோள் படங்களைப் பற்றி இரண்டு வரிக்கொருமுறை பேசும் துறையில் அது படிப்பவரைத் தடுமாற வைக்கும்.

டிஜிட்டல் என்பதற்கு எண்ணிமமா இலக்கமுறையா என்பதில் எனக்குப் பிடிவாதம் இல்லை. 'டிஜிட்டல் லிட்டரசி' என்பதைத் தமிழாக்கும்போது அதனோடு 'எழுத்தறிவு' சேர்வதைத்தான் ஏற்கவில்லை. நன்கு எழுதப் படிக்கத் தெரிந்தவரும், மழைக்கு 40 விழுக்காடு வாய்ப்பு என்ற அறிவிப்பைக் கண்டு மருந்து தெளிப்பதா தள்ளிப்போடுவதா என்று திகைக்கக்கூடும். 'கையாள்திறன்' என்றால் அந்தத் தெளிவும் அடங்கும்.

ஓரிடம் மட்டும் இடறுகிறது. மகள் கைபேசியைப் பார்த்துச் சொல்ல, தந்தை அதன்படி நீர் பாய்ச்சும் வீட்டில், கையாள்திறன் மகளுடையது, முடிவு தந்தையுடையது. ரோஜர்ஸின் வரையறைப்படி கைக்கொள்வோர் தந்தையே. கணக்கெடுப்புப் படிவத்தில் இவ்விரண்டுக்கும் தனித்தனிக் கட்டங்கள் வேண்டும் என்பதால், 'திறனுடைய கைக்கொள்வோர்' என்று இரண்டையும் ஒட்டவைக்கும் தொடரை விலக்கிவிடலாம் என்று கருதுகிறேன்.