நேரம்-வேலை கணக்கில் ஒருவர் பாதியில் விலகினால் எப்படிப் போடுவது? உதவி தேவை

குறிஞ்சிமலர்:
எல்லோருக்கும் வணக்கம். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். தமிழ்ப் பகுதி 100 கேள்வி, பொது அறிவு 75, இரண்டும் ஓரளவு கைவந்துவிட்டது, மிச்சம் இருக்கிற திறனறிவு 25-தான் இழுக்கிறது. அதிலும் சதவீதம், தனிவட்டி எல்லாம் போட்டுவிடுவேன், நேரம்-வேலை வந்தால்தான் நிற்கிறேன். இருவரும் தனித்தனியாக எடுக்கிற நாட்களைப் பெருக்கி, அவற்றின் கூட்டுத்தொகையால் வகுக்கிற சூத்திரம் தெரியும். நேரடியாகக் கேட்டால் வந்துவிடுகிறது, கொஞ்சம் திருப்பிக் கேட்டால் வருவதில்லை.

இந்தக் கணக்கைப் பாருங்கள். ராமு ஒரு வேலையை 20 நாளில் முடிப்பார், சோமு 30 நாளில் முடிப்பார். இருவரும் சேர்ந்து தொடங்குகிறார்கள். வேலை முடிய 5 நாட்கள் இருக்கும்போது ராமு விலகிவிடுகிறார். மொத்தம் எத்தனை நாளில் வேலை முடியும்? விடைகள்: 12, 15, 18, 20.

நான் போட்டது: ஒரு நாள் வேலை 1/20 + 1/30 = 1/12. 5 நாளில் 5/12 முடிந்தது, மீதி 7/12-ஐ சோமு தனியாகச் செய்ய 17½ நாள், ஆக 22½. கொடுத்த நான்கிலும் அது இல்லை. எங்கே தவறுகிறது?

எண்கோலம்:
தங்கச்சி, உங்கள் கூட்டல் பெருக்கல் எல்லாம் சரி, கேள்வியை மட்டும் மறுபடி வாசியுங்கள். "5 நாட்கள் கழித்து விலகினார்" என்றால் 22½ சரியான விடை. இங்கே "வேலை முடிய 5 நாட்கள் இருக்கும்போது" என்று இருக்கிறது. அதாவது கடைசி 5 நாள் சோமு தனியாக வேலை செய்திருக்கிறார், அந்த 5 நாள் எப்போது தொடங்கியது என்று நமக்கு இன்னும் தெரியாது. எனவே இந்த மாதிரிக் கணக்கைப் பின்னாலிருந்து போட வேண்டும்.

பின்னத்தை விட்டுவிட்டு இப்படிச் செய்து பாருங்கள். 20, 30 இரண்டுக்கும் மீ.சி.ம (மீச்சிறு பொது மடங்கு, அதாவது இரண்டாலும் மீதியின்றி வகுபடும் மிகச் சிறிய எண்) 60. மொத்த வேலை 60 அலகு என்று வைத்துக்கொள்ளுங்கள். ராமு ஒரு நாளைக்கு 3 அலகு, சோமு 2 அலகு. கடைசி 5 நாளில் சோமு மட்டும் செய்தது 10 அலகு. மீதி 50 அலகை இருவரும் சேர்ந்து, நாளைக்கு 5 அலகு வீதம் செய்தார்கள், அதற்கு 10 நாள். 10 + 5 = 15. சரிபார்க்கவும் முடியும்: ராமு 10 நாள், 30 அலகு. சோமு 15 நாள், 30 அலகு. மொத்தம் 60.

விடைகளில் 12 இருப்பதைக் கவனித்தீர்களா? உங்கள் சூத்திரத்தில் 20, 30-ஐ அப்படியே போட்டால் 12 வரும். விலகியதைக் கவனிக்காமல் போடுகிறவர்கள் அதைத்தான் தேர்ந்தெடுப்பார்கள்.

கணக்குவாத்தியார்:
மேலே சொன்ன முறை நல்ல முறை, வேகமாகவும் இருக்கும். ஆனால் ஒன்று, பின்னத்தை அடியோடு விட்டுவிட வேண்டாம் அம்மா. 60 என்ற எண்ணுக்கு எந்த விசேஷமும் இல்லை, 120 என்று வைத்தாலும் 600 என்று வைத்தாலும் அதே 15 நாள்தான் வரும். பின்னம் வராமல் இருக்கத்தான் மீ.சி.ம எடுக்கிறோம். இது புரியாமல் முறையை மட்டும் பிடித்துக்கொண்டால், இப்போது பெருக்கல்-வகுத்தல் சூத்திரத்துக்கு ஆன கதி நாளை இதற்கும் ஆகும். எட்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் வாழ்வியல் கணிதம் பாடத்தில் நேரமும் வேலையும் இருக்கிறது. அங்கே எடுத்துக்காட்டுகளை ஒருமுறை பின்னத்தில் போடுங்கள், அதையே அலகில் போடுங்கள், இரண்டும் ஒன்றுதான் என்று கையே சொல்லிவிடும். பத்தாம் வகுப்புத் தரம்தானே தேர்வு, பள்ளிப் புத்தகத்தை முடிக்காமல் தடித்தடியான கையேடுகளுக்குப் போக வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

குறிஞ்சிமலர்:
ரொம்ப நன்றி அண்ணா, நன்றி ஐயா. "கழித்து", "இருக்கும்போது" வித்தியாசம் இப்போது தெளிவாகிவிட்டது. இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன். ஒருவர் 9 நாளில் முடிப்பார், இன்னொருவர் 12 நாளில். முதலாமவர் தொடங்கி, இருவரும் ஒருநாள் விட்டு ஒருநாள் மாறிமாறி வேலை செய்கிறார்கள். சேர்ந்து செய்தால் 36/7 நாள், மாறிமாறி என்றால் அதைப்போல் இரண்டு மடங்கு, 72/7, அதாவது 10 2/7 நாள் என்று போட்டேன். புத்தகத்தில் விடை 10¼. அச்சுப்பிழையா?

எண்கோலம்:
அச்சுப்பிழை இல்லை. மொத்தம் 36 அலகு, ஒருவர் 4, மற்றவர் 3. இரண்டு நாளுக்கு 7 அலகு, 10 நாளில் 35 முடிந்துவிடும். மீதி ஒரே ஒரு அலகு. பதினோராம் நாள் யார் முறை? முதலாமவர் முறை. அவர் நாளைக்கு 4 செய்கிறவர், கால் நாளில் முடித்துவிடுவார். ஆக 10¼. இரண்டு மடங்கு ஆக்கும்போது அந்தக் கடைசித் துண்டையும் இருவரும் பங்கு போட்டுச் செய்ததாக ஆகிவிடுகிறது, நிஜத்தில் அன்றைக்கு ஒருவர்தான் வருகிறார். இதையே இரண்டாமவர் தொடங்கினால் 10⅓ வரும், அதனால் யார் தொடங்குகிறார் என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். மொத்த வேலை 7-ஆல் மீதியின்றி வகுபட்டிருந்தால் மட்டும் உங்கள் வழி சரியாக வந்திருக்கும்.

மாலைவகுப்பு:
இந்தக் கேள்விகளைப் பார்த்து நானும் போட்டுப் பார்த்தேன், நன்றி. ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். தேர்வு அறையில் ஒன்றும் ஓடாவிட்டால் விடைகளை எடுத்துப் போட்டுப் பாருங்கள். முதல் கணக்கில் 18 என்று வைத்தால் சோமு 36, ராமு 13 நாளுக்கு 39, கூட்டினால் 75, 60-ஐத் தாண்டிவிட்டது. 12 என்றால் 24 + 21 = 45, போதவில்லை. இடையில் 15 மட்டும்தான் இருக்கிறது. 3 மணி நேரத்தில் 200 கேள்வி, ஒரே கணக்கில் ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் தமிழில் தெரிந்த கேள்விகள் போய்விடும். குரூப் 4-ல் தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை, ஆகவே முடியாததைக் குறித்து வைத்துவிட்டு நகருங்கள், கடைசியில் திரும்பி வந்து ஏதாவது ஒரு விடையைக் கட்டாயம் நிரப்பிவிடுங்கள்.

குறிஞ்சிமலர்:
சரி அக்கா. தொட்டிக் கணக்கையும் இதே முறையில் போட்டுப் பார்த்தேன். குழாய் 6 மணி நேரத்தில் நிரப்பும், அடியில் ஓட்டை இருப்பதால் 8 மணி நேரம் ஆகிறது, ஓட்டை மட்டும் நிறைந்த தொட்டியை எவ்வளவு நேரத்தில் காலி செய்யும் என்று கேள்வி. தொட்டி 24 அலகு. குழாய் மணிக்கு 4, ஓட்டையோடு சேர்த்து 3, அப்படியானால் ஓட்டை மணிக்கு 1 அலகு வெளியேற்றுகிறது, 24 மணி நேரம். சரிதானே?

கணக்குவாத்தியார்:
சரி அம்மா. அடுத்து ஆட்கள், நாட்கள், மணி நேரம் மூன்றும் சேர்ந்து வருகிற கணக்குகளை அதே பாடத்திலிருந்து எடுங்கள். சிக்கினால் போட்ட படிகளோடு இங்கேயே எழுதுங்கள், படி தெரிந்தால்தான் எங்கே நிற்கிறது என்று எங்களால் பார்த்துச் சொல்ல முடியும்.