பெங்களூருவில் நர்சிங் படிப்பு: கைக்குழந்தையுடன் குடிவந்திருக்கும் சகோதரிக்கு

சகோதரி, ஒன்றரை வயதுக் குழந்தையுடன் சேலத்திலிருந்து பொம்மனஹள்ளிக்குக் குடிவந்திருக்கும் நீங்கள், கணவரின் ஒரே சம்பளத்தில் குடும்பம் நடக்கும்போது எந்த நர்சிங் கல்லூரியில் சேர்ந்தால் கட்டுப்படியாகும் என்று கேட்டிருந்தீர்கள். என் மகளுக்கு மூன்று வயதானபோது இதே ஊரில் ஜிஎன்எம் என்ற நர்சிங் பட்டயப் படிப்பில் சேர்ந்து படித்து முடித்தவள் நான். அன்று எனக்கு யாரும் எடுத்துச் சொல்லாதவற்றை உங்களுக்குச் சொல்கிறேன்.

கோட்டைப் பகுதியில் உள்ள அரசு நர்சிங் கல்லூரியைத்தான் எல்லோரும் முதலில் காட்டுவார்கள். ஆனால் கர்நாடகத் தேர்வு ஆணையத்தின் வழியாக நிரப்பப்படும் அரசு இடங்களுக்கு, பொதுவாக இம்மாநிலத்தில் ஏழு ஆண்டுகளாவது பள்ளிப் படிப்பு இருந்திருக்க வேண்டும். நம் ஊரில் வாங்கிய சாதிச் சான்றிதழும் இங்கே இட ஒதுக்கீட்டுக்குச் செல்லாது. ஆகவே புதிதாக வந்தவர்களுக்குப் பெரும்பாலும் கல்லூரி நிர்வாகமே நேரடியாக நிரப்பும் மேனேஜ்மென்ட் கோட்டாதான் மிஞ்சுகிறது. தரகர்கள் நம்மைத் தேடி வருவதும் அதனால்தான்.

இந்த நிலையில் மாநில எல்லையில் உள்ள அத்திப்பள்ளிச் சோதனைச் சாவடியைத் தாண்டி ஒருமுறை யோசித்துப் பாருங்கள். ஓசூர் தமிழ்நாடு, உங்கள் வீட்டுக்கு அருகிலேயே ஓசூர் சாலையில் பேருந்து கிடைக்கிறது. தமிழ்நாட்டில் பி.எஸ்சி. நர்சிங் சேர்க்கைக்கு நீட் தேவையில்லை, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்தான் கணக்கு. கலந்தாய்வு மூலம் தனியார் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடம் கிடைத்தால், கட்டணமும் நேரடியாகச் சேர்வதைவிடக் குறைவு. உங்கள் சான்றிதழ்கள் முழு மதிப்புடன் செல்லும் இடமும் அதுவே.

பி.எஸ்சி. நான்கு ஆண்டு, அதற்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும். ஜிஎன்எம் மூன்று ஆண்டு. வணிகவியல் பிரிவு படித்தவர்களும் 40 விழுக்காடு மதிப்பெண் இருந்தால் சேரலாம், 35 வயதுக்குள் இருக்க வேண்டும். வீட்டில் ஒரே வருமானம் என்றால் ஜிஎன்எம்தான் சரி என்பது என் உறுதியான கருத்து. ஓராண்டு முன்னதாகவே சம்பளம் கைக்கு வரும். பின்னர் ஜிஎன்எம் முடித்தவர்களுக்கான இரண்டு ஆண்டு போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. படித்தால் பட்டமும் கிடைத்துவிடும்.

கர்நாடகத்திலேயே சேர்வதாக முடிவு செய்தால், அங்கீகாரத்தை நீங்களே சரிபாருங்கள். கல்லூரிகளுக்கு அங்கீகாரம் வழங்கும் அதிகாரம் இந்திய நர்சிங் கவுன்சிலுக்கு இல்லை என்று கர்நாடக உயர் நீதிமன்றம் 2017-ல் தீர்ப்பளித்த பிறகு, இங்கே மாநில நர்சிங் கவுன்சிலின் அனுமதியும், பி.எஸ்சி. என்றால் ராஜீவ் காந்தி சுகாதாரப் பல்கலைக்கழகத்தின் இணைப்பும், ஜிஎன்எம் என்றால் மாநிலத் தேர்வு வாரியத்தின் ஏற்பும்தான் முதன்மையாகப் பார்க்கப்படுகின்றன. நடப்புக் கல்வியாண்டுக்கான கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். பழைய கடிதத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருப்பதை ஏற்காதீர்கள். வகுப்புக்கு வராமலேயே படிக்கலாம் என்று எவரேனும் சொன்னால் அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள். நோயாளியின் உயிர் நம் கையில் இருக்கப்போகிறது.

கட்டண விஷயத்தில்தான் நான் ஏமாந்தேன். முதலாண்டுக்கு எனக்குச் சொன்ன தொகை கட்டும்படியாகத்தான் இருந்தது. ஆனால் சீருடை, ரெக்கார்டு நோட்டு, தேர்வுக் கட்டணம், மருத்துவமனைப் பயிற்சிக்கு (போஸ்டிங்) அழைத்துச் செல்லும் வண்டி, கட்டாய ஹாஸ்டல் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்து, இரண்டாம் ஆண்டில் என் தாலிச் சங்கிலியை அடகு வைக்கும் நிலை வந்தது. எனவே மூன்று ஆண்டுக்குமான மொத்தச் செலவைக் கல்லூரியின் கடிதத் தாளில் எழுதி வாங்குங்கள். வீட்டிலிருந்தே வந்து படிக்க அனுமதி உண்டா என்பதையும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள். குழந்தையுள்ள தாய்க்கு இதைவிட முக்கியமான கேள்வி வேறில்லை. அசல் சான்றிதழ்களை எந்தக் காரணத்துக்காகவும் அங்கே விட்டுவைக்காதீர்கள்.

போஸ்டிங் எந்த மருத்துவமனையில் என்பதைக் கேட்கும்போது, வார்டு எத்தனை மணிக்குத் தொடங்குகிறது என்றும் கேளுங்கள். காலை ஏழரைக்கு வார்டில் நிற்க வேண்டுமென்றால் குழந்தையை ஆறரைக்கு யாரிடம் விடுவது? அங்கன்வாடி அந்நேரத்தில் திறந்திருக்காது. என் மாமியார் ஊரிலிருந்து வந்து தங்கியதால்தான் நான் இறுதியாண்டு இரவுப் பணியை முடித்தேன். உங்கள் வீட்டிலும் இப்போதே இதைப் பேசி முடிவெடுங்கள்.

பேருந்துச் செலவுக்கு ஒரு வழி உண்டு. 2023 ஜூன் மாதம் தொடங்கிய சக்தி திட்டத்தில், கர்நாடக முகவரியுள்ள அடையாள அட்டை வைத்திருக்கும் பெண்களுக்குக் கர்நாடகத்துக்குள் ஓடும் சாதாரண அரசுப் பேருந்துகளில் கட்டணமில்லை. ஆதாரில் முகவரியை மாற்றினால் போதும்.

கடன் வாங்குவதாக இருந்தால் கல்விக் கடனுக்கான வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். நான்கு லட்சம் ரூபாய் வரை வங்கிகள் பொதுவாகப் பிணை கேட்பதில்லை, படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணையும் தொடங்காது. ஆனால் வட்டி முதல் நாளிலிருந்தே ஓடும். நீங்கள் பட்டியல் சாதியைச் சேர்ந்தவராகவும் குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள்ளும் இருந்தால், இங்கே படித்தாலும் பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய படிப்புக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்குத் தமிழ்நாட்டில்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

பன்னிரண்டாம் வகுப்பில் நீங்கள் எடுத்த பிரிவையும் மதிப்பெண்ணையும், பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பதையும் எழுதுங்கள். ஓசூரா பெங்களூருவா என்பதை அதன் பிறகு சேர்ந்தே கணக்குப் போட்டுப் பார்ப்போம்.