பணத்தைத் திருப்பிவிட்டேன், பழியை எப்படித் துடைப்பது?

பட்டர்வொர்த்தில் இருக்கிறேன், கத்தோலிக்கன். 2015-இல் சித்தியின் அலமாரியிலிருந்து 2,000 ரிங்கிட் எடுத்தேன். பழி, வீட்டு வேலைக்கு வந்த அக்காமேல் விழுந்தது. அன்றே நிறுத்திவிட்டார்கள். நான் வாயே திறக்கவில்லை.

இரண்டு முறை பாவசங்கீர்த்தனம் (ஃபாதரிடம் பாவத்தை அறிக்கையிடுவது) செய்துவிட்டேன். கடைசியாகப் போன ஜூலையில், புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னாள் திருவிழாவின்போது. பாவமன்னிப்பு கொடுத்த ஃபாதர், எடுத்ததைத் திருப்புவதோடு கெடுத்த பேரையும் சரிசெய்வது கடமை என்றார். சரி என்று பணத்தைப் பேர் சொல்லாமல் சித்தியின் கணக்கில் போட்டேன். அப்புறம் அந்த அக்காவின் பழைய வீட்டுக்குப் போனேன். பிறை என்ற ஊர்ப் பக்கம் மாறிவிட்டார்களாம், முகவரி யாருக்கும் தெரியவில்லை. பூசையில் நற்கருணை அப்பம் வாங்கப் போனால் அவர் அழுத முகம்தான் முன்னால் நிற்கிறது.

அவரைக் கண்டுபிடிக்கும்வரை பொறுத்திருக்கவா, இல்லை முதலில் சித்தி குடும்பத்தாரிடம் உண்மையைச் சொல்லிவிடவா?