அமெரிக்காவுக்குப் புதுசா வந்தவங்களுக்கு: போலீஸ், வாரண்ட், ஓட்டுப் படிவம் பத்தி

முதல் மாசத்துல எல்லாரும் சோஷியல் செக்யூரிட்டி நம்பர், பேங்க் அக்கவுண்ட், பட்டேல் கடை எங்கேன்னு கேட்கறாங்க. போலீஸ் நிறுத்தினா என்ன பேசணும்னு யாரும் கேட்கறதில்ல. மாட்டினதுக்கு அப்புறம் ராத்திரி பதினோரு மணிக்கு போன் வருது. அதான் முன்னாடியே எழுதி வைக்கறேன். நான் வக்கீல் இல்ல. உங்களுக்குன்னு ஒரு கேஸ் வந்தா இமிக்ரேஷன் வக்கீல்கிட்டதான் போகணும்.

"நாம விசாவுல இருக்கோம், நமக்கு ஏதுங்க உரிமை"ன்னு நம்மாளுங்க சாதாரணமா சொல்வாங்க. தப்பு. 1880கள்ல சான் ஃபிரான்சிஸ்கோவுல மரக்கட்டடத்துல சலவைக்கடை நடத்த நகராட்சி அனுமதி வேணும்னு ஒரு சட்டம் இருந்தது. விண்ணப்பிச்ச சீனர்கள் இருநூறு பேருக்கு மேல எல்லாருக்கும் மறுத்துட்டாங்க. சீனர் அல்லாத எண்பது பேர் கடையை நிம்மதியா நடத்தினாங்க. ஈக் வோ வழக்குன்னு அது சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு. எல்லாருக்கும் சட்டத்தோட சமமான பாதுகாப்பு உண்டுன்னு சொல்ற அரசியல் சட்டத்தோட 14வது திருத்தம் குடிமக்களுக்கு மட்டும் இல்ல, இந்த மண்ணுல இருக்கற எல்லாருக்கும்தான்னு 1886ல தீர்ப்பு வந்தது. சோதனைக்கு மறுக்கறது, வாய் திறக்காம இருக்கறது, வக்கீல் கேட்கறது, கோயிலுக்குப் போறது எல்லாம் உங்களுக்கும் உண்டு. ஓட்டும், ஜூரி வேலையும் (கோர்ட்டுல உட்கார்ந்து வழக்கை முடிவு பண்ற பொதுமக்கள் குழுதான் ஜூரி) கிடையாது. அதைக் கீழே சொல்றேன், அதுலதான் பெரிய கண்ணி இருக்கு.

முதல்ல ரோடு. பின்னாடி விளக்கு சுழன்றா வலது ஓரமா நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, ரெண்டு கையையும் ஸ்டியரிங் மேல வைங்க. ஊர்ல மாதிரி பேப்பரை எடுத்துக்கிட்டு இறங்கி அவர்கிட்ட நடந்து போயிடாதீங்க, இங்கே அது மிரட்டலாத் தெரியும். லைசென்ஸ், ரெஜிஸ்ட்ரேஷன், இன்ஷூரன்ஸ் கேட்டா கொடுத்துத்தான் ஆகணும். டேஷ்போர்டைத் திறக்கறதுக்கு முன்னாடி "அதுல இருக்கு, எடுக்கட்டுமா"ன்னு கேளுங்க. இறங்கச் சொன்னா இறங்கிடுங்க, அந்த அதிகாரம் அவருக்கு இருக்குன்னு 1977லயே தீர்ப்பு இருக்கு. பர்ஸ்ல இருந்து நோட்டை நீட்டற நினைப்பே வேணாம். அபராதச் சீட்டோட போக வேண்டியது கைது வரைக்கும் போயிடும்.

அப்புறம் ரொம்ப இயல்பா, "டூ யூ மைண்ட் இஃப் ஐ டேக் எ லுக்?"னு கேட்பார். கேட்க மரியாதையா இருக்கும். உண்மையில அவர் வாரண்ட் இல்லாம காரைச் சோதிக்க உங்க சம்மதத்தை வாங்கிட்டிருக்கார். மறுக்கலாம்னு உங்களுக்குச் சொல்ல வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்ல, 1973 தீர்ப்பு அப்படி. காக்கிச் சட்டையைப் பார்த்தாலே "சரி சார்"னு சொல்லிப் பழகின வாய் நமக்கு. "ஆஃபீஸர், ஐ டோன்ட் கன்சென்ட் டு எ சர்ச்" (சோதனைக்கு நான் சம்மதிக்கல)னு வீட்டுல ரெண்டு தடவை சத்தமா சொல்லிப் பாருங்க. சிரிப்பா இருக்கும், பரவாயில்ல. அதுக்கப்புறமும் சோதிச்சா தடுக்காதீங்க. உங்க மறுப்பு பதிவாயிருக்கணும், மிச்சத்தை கோர்ட்டுல பார்த்துக்கலாம்.

மௌனமும் அப்படித்தான், வாயைத் திறந்து கேட்டு வாங்கணும். 2010ல சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்த ஒரு வழக்குல, ஒருத்தர் விசாரணையில கிட்டத்தட்ட மூணு மணி நேரம் பேசாம இருந்துட்டு கடைசியில ஒரு கேள்விக்கு "ஆமா"ன்னார். அது அவருக்கு எதிராச் செல்லும்னு தீர்ப்பு. "நான் பேச விரும்பல, எனக்கு வக்கீல் வேணும்"னு சொல்லிட்டு அப்புறம் மௌனமா இருங்க. இங்கிலீஷ் சினிமாவுல போலீஸ் "பேசாம இருக்க உனக்கு உரிமை உண்டு"ன்னு வாசிக்கறாங்களே, அது காவல்ல வெச்சு விசாரிக்கும்போதுதான். ரோட்டோரப் பேச்சுக்கெல்லாம் வாசிக்க மாட்டாங்க.

வசதி இல்லாதவங்களுக்கு கிரிமினல் கேஸ்ல சிறைத் தண்டனை வரும்னா அரசே வக்கீல் வைக்கும், இமிக்ரேஷன் கோர்ட்டுல வைக்காது. கடையில ஏதோ எடுத்துட்டான்னு மாட்டின மாணவர்கள்கிட்ட "குற்றத்தை ஒத்துக்க, அபராதத்தோட முடிஞ்சிடும்"னு நண்பர்கள் சொல்வாங்க. ஒத்துக்கறதுக்கு முன்னாடி "இதால என் விசாவுக்கு என்ன ஆகும்?"னு வக்கீலைக் கேளுங்க. நாடு கடத்தப்படற ஆபத்தை எடுத்துச் சொல்றது வக்கீலோட கடமைன்னு அதே 2010ல, படியா வழக்குல சொல்லியாச்சு.

கதவைத் தட்டி ஐஸ் (இமிக்ரேஷன் சட்டத்தை அமல்படுத்தற மத்திய அரசுத் துறை) வந்தா என்ன பண்றதுன்னு ஒருத்தர் கேட்டிருந்தார். உடனே திறக்க வேணாம், வாரண்டைக் கதவுக்கு அடியில தள்ளச் சொல்லுங்க. கீழே நீதிபதி கையெழுத்து இருக்கான்னு பாருங்க. ஐஸ் அதிகாரியே கையெழுத்துப் போட்டதா இருந்தா, உங்க சம்மதம் இல்லாம வீட்டுக்குள்ள வர அது போதாதுங்கறதுதான் ரொம்ப காலமா சட்டத்தோட நிலை. பொய் சொல்லாதீங்க, போலிக் காகிதம் காட்டாதீங்க. வெளியே போகும்போது அச்சடிச்ச ஐ-94 (நாட்டுக்குள்ள வந்ததுக்கான பதிவு) கூட இருக்கட்டும். பதினெட்டு வயசுக்கு மேல அது சட்டப்படி கட்டாயம், எப்பவாவதுதான் கேட்பாங்கங்கறது வேற விஷயம். ஏர்போர்ட்டுல இந்த உரிமையெல்லாம் ரொம்ப மெலிஞ்சிடும். போனை வாரண்ட் இல்லாமலே பார்ப்பாங்க. விசாக்காரர் பாஸ்வேர்டு தர மறுத்தா திருப்பி அனுப்பவும் முடியும்.

இன்னொருத்தர்: "ஃபேஸ்புக்ல அரசியல் எழுதலாமா?" பேச்சுரிமை தர்ற முதல் திருத்தம் அரசைத்தான் கட்டுப்படுத்தும், உங்க கம்பெனியை இல்ல. கம்பெனி வேலையை விட்டுத் தூக்கினா எச்1பி வேலை விசாக்காரர் வேற வழி பார்க்க அதிகபட்சம் 60 நாள்தான். வெளிநாட்டவருக்கும் பேச்சுரிமை உண்டுன்னு 1945லயே சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு. ஆனா 2025ல மாணவர் பத்திரிகையில இன்னும் மூணு பேரோட சேர்ந்து ஒரு கட்டுரை எழுதின ஆராய்ச்சி மாணவியைத் தெருவுல பிடிச்சு, ஆறு வாரம் உள்ளே வெச்சாங்க. அப்புறம்தான் நீதிபதி விடுவிச்சார். எழுதாதீங்கன்னு நான் சொல்ல மாட்டேன். கோர்ட்டுல ஜெயிக்கற வரைக்கும் எங்கே இருப்போம்னு யோசிச்சுட்டு எழுதுங்க.

இப்போ அந்தக் கண்ணி. லைசென்ஸ் எடுக்கப் போற டிஎம்வியிலயே வாக்காளராப் பதியறீங்களான்னும் கேட்பாங்க, 1993 சட்டப்படி. கௌண்டர்ல இருக்கற அம்மா வேகமா கேட்பாங்க, நாமளும் தலையாட்டி "எஸ்"னு சொல்லிடுவோம். சிட்டிசன்னு டிக் பண்ணிக் கையெழுத்தும் போட்டுட்டா, கிரீன் கார்டு, குடியுரிமை எல்லாமே சிக்கலாயிடும். தெரியாமப் பண்ணினேன்னு விளக்கறது ரொம்பக் கஷ்டம், மன்னிப்புக்கும் அநேகமா வழியே இல்ல. படிவத்தை வரிவரியாப் படிங்க, பின்னாடி வரிசை நின்னா நிக்கட்டும். ஜூரி டியூட்டின்னு கடிதம் வந்தா குப்பையில போடாதீங்க. சிட்டிசன் இல்லங்கற இடத்துல டிக் பண்ணித் திருப்பி அனுப்பிடுங்க.

அப்பா அம்மா வந்திருந்தா அவங்களுக்கும் சொல்லிக் கொடுங்க. 2015 பிப்ரவரியில அலபாமாவோட மேடிசன் ஊர்ல, பேரனைப் பார்த்துக்க குஜராத்துல இருந்து வந்த 57 வயசு தாத்தா காலையில தெருவுல நடந்துட்டிருந்தார். சந்தேகமா யாரோ நடமாடறாங்கன்னு அக்கம்பக்கத்துல போலீஸைக் கூப்பிட்டுட்டாங்க. அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. போலீஸ்காரர் தரையில தள்ளினதுல கழுத்துல அடிபட்டு உடம்பு பாதி செயலிழந்து போச்சு. அந்தப் போலீஸ்காரர் மேல நடந்த விசாரணையில ரெண்டு தடவையும் ஜூரி முடிவுக்கு வரல, கடைசியில நீதிபதி விடுதலை பண்ணிட்டார். அதனால அப்பா வாக்கிங் போகும்போது உங்க பேர், விலாசம், போன் நம்பர் எழுதின அட்டையைக் கழுத்துல தொங்க விடுங்க, பாக்கெட்டுல வேணாம். போலீஸ் கூப்பிட்டா நின்னுடணும், கை வெளியே தெரியணும், பாக்கெட்டுக்குள்ள கை போகக் கூடாது. முதல் நாளே ஒரு தடவை அவரோட கூடவே நடந்து காட்டிடுங்க.