கெட்டிமேளம் கொட்டியதும் படம் கெடுகிறது: வழி சொல்லுங்கள்

வணக்கம். மூன்று திருமணங்களாகப் புகைப்படம் எடுக்கும்போது ஒரே இடத்தில் சறுக்குகிறேன். மாலை மாற்றல், ஊஞ்சல், நலங்கு எல்லாம் இயல்பாக அமைந்துவிடுகின்றன. தாலி கட்டும் அந்த நொடி மட்டும் கைக்கு எட்டவில்லை.

என்னிடம் இருப்பது முழுச்சட்ட (ஃபுல் ஃப்ரேம்) மிரர்லெஸ் கேமரா, 35, 85 மி.மீ. லென்ஸ்கள். கடைசியாக எடுத்தது கும்பகோணத்தில், காலை 6 மணி முகூர்த்தம். மண்டபம் முழுக்க எல்இடி விளக்குகள். ஷட்டர் வேகம் 1/500 நொடி வைத்தால் படத்தின் குறுக்கே கருப்புப் பட்டைகள் விழுகின்றன. 1/100க்கு இறக்கினால் பட்டை மறைகிறது. ஆனால் பறக்கும் அட்சதை வெள்ளைக் கீறலாகிறது, முடிச்சுப் போடும் விரல்களும் கலங்குகின்றன.

மின்னணு ஷட்டரை விட்டு மெக்கானிக்கலுக்கு மாறினேன். பட்டை குறைந்ததே தவிரப் போகவில்லை. விளக்கின் மினுக்கலுக்கு ஏற்பப் படமெடுக்கும் கேமரா வசதியான ஃபிளிக்கர் குறைப்பைப் போட்டால் தொடர் படங்களின் வேகம் குறைந்து அந்த நொடி தப்பிவிட்டது. ஃபோகஸை மணமகளின் கண்ணில் நிறுத்தினேன். மூன்றாவது முடிச்சுக்குக் குனிந்த நாத்தனார் மறைத்துவிட்டார். ஃபிளாஷ் அடித்தேன்; ஓமப்புகை வெள்ளைத் திரையானது. கண் கலங்கி நின்ற மணமகளின் அம்மா என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு ஆல்பத்துக்கு ஆகும், எனக்கு வேண்டியது அந்தக் கண்ணீர்தான்.

தை மாதம் அதே மண்டபத்தில் இன்னொரு திருமணம். ஃபிளாஷ் இல்லாமல் அட்சதையும் முகமும் தெளிவாக விழ, மேடையின் எந்தப் பக்கம் நின்று, என்ன ஷட்டர் வேகத்தில் எடுக்கிறீர்கள்?