வலி ஓர் இடம், காரணம் வேறு இடம்: உங்களுக்கும் நடந்திருக்கிறதா?

ஓவர்லாக் டெய்லர், திருப்பூர்

பனியன் கம்பெனியில் பதினாலு வருஷமாக ஓவர்லாக் தையல் மெஷின் ஓட்டுகிறேன். போன வருஷம் ராத்திரி இரண்டு மணி வாக்கில் வலது கை மரத்துப்போய் விழிப்பு வரும். எழுந்து உட்கார்ந்து உதறினால் சரியாகும். வாயு என்று நினைத்துப் பூண்டு தின்றதுதான் மிச்சம்.

டாக்டர் முதலில் கேட்டது, "சுண்டுவிரலும் மரக்கிறதா?" யோசித்துப் பார்த்தால் அது மட்டும் நன்றாகத்தான் இருந்தது. கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல், மோதிரவிரலில் பாதி, இவ்வளவுக்கும் ஒரே நரம்பாம். அது மணிக்கட்டில் ஒரு குறுகலான வழியாகப் போகிறது, அங்கே நசுங்குகிறது என்றார். சீட்டில் கார்பல் டனல் என்று எழுதினார்.

ஒன்றரை ஷிப்ட், பீஸ் ரேட், அதாவது தைத்த எண்ணிக்கைக்குத்தான் கூலி. கை ஓய்வில்லாமல் ஒரே மாதிரி ஓடும். அது தெரிந்த காரணம். தெரியாததை டேபிள் விளிம்பில் நானே கட்டி வைத்திருந்தேன், பழைய பனியன் துணி ஒன்றை நாலாக மடித்து. எதற்குக் கட்டினேன்? மணிக்கட்டு விளிம்பில் அழுந்தி எரிந்தது. எதற்கு அழுந்துகிறது? முன்னால் கவிழ்ந்து உட்காருகிறேன். எதற்குக் கவிழ்கிறேன்? நேவி ப்ளூ துணிக்கு நேவி ப்ளூ நூல், டியூப்லைட்டோ முதுகுக்குப் பின்னால். என் தலை நிழலே ஊசிமேல் விழுகிறது. மூன்று மாதம் கழுத்துக்குத் தைலம் தேய்த்திருக்கிறேன், கோளாறு கூரையில் இருந்திருக்கிறது!

அப்புறம் லைன் முழுக்க இந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன். பிசிறு வெட்டும் அக்காவின் கத்தரி வளையத்தில் துணி சுற்றியிருக்கிறது. அயர்ன் டேபிள்காரர் காலடியில் அட்டைப்பெட்டியை விரித்துப் போட்டிருக்கிறார். நீங்கள் எங்கே என்ன ஒட்டுப் போட்டு வைத்திருக்கிறீர்கள்?

கட்டட சைட் ஸ்டோர் கீப்பர், சென்னை

என் கதையில் ஒட்டுப் போடக்கூட நேரம் கிடைக்கவில்லை, அண்ணா... இல்லை, அக்காவா? மன்னியுங்கள்.

அன்று ஆள் குறைவு, நானும் சேர்ந்து சிமெண்ட் இறக்கினேன். 50 கிலோ மூட்டை, இருபதுக்கு மேல். ஒன்றும் ஆகவில்லை. சாயங்காலம் டைல்ஸ் பெட்டி ஒன்றைத் தரையிலிருந்து எடுத்து, காலை நகர்த்தாமல் இடுப்பை மட்டும் திருப்பிப் பக்கத்து அடுக்கில் வைக்கப் போனேன். அப்படியே நின்றுவிட்டேன். பெட்டியைக் கீழே வைக்கவும் முடியவில்லை, கூப்பிடவும் குரல் வரவில்லை. பத்து நாள் படுக்கை.

எல்லாரும் டைல்ஸ் பெட்டியைத்தான் திட்டினார்கள். பிறகு சேஃப்டி ஆபீசர் ஒரு கணக்குச் சொன்னார். அமெரிக்காவில் வேலையிடப் பாதுகாப்பை ஆராயும் நியாஷ் என்ற அரசு அமைப்பு 1991-இல் திருத்தியது. சுமை உடம்போடு ஒட்டி, இடுப்பு உயரத்தில், நேராக, எப்போதாவது ஒருமுறை என்றால்தான் 23 கிலோ வரை தூக்கலாம். தரையிலிருந்து என்றால் குறையும், கை நீட்டினால் குறையும், திரும்பினால் இன்னும் குறையும், அடிக்கடி தூக்கினால் இன்னும். டைல்ஸ் பெட்டியை நான் எடுத்த விதத்தில் இவ்வளவும் இருந்தன. இப்போது ஸ்டோரில் கனமானதெல்லாம் இடுப்பு உயரத் தட்டில். தரையில் துடைப்பம்தான்.

ஜவுளிக்கடை, மதுரை

எங்கள் வேலையில் தூக்கவும் வேண்டாம், ஓடவும் வேண்டாம். நிற்பதுதான் வேலை. காலை ஒன்பதரை முதல் ராத்திரி ஒன்பது வரை. சாயங்காலம் செருப்பு வார் பதிந்த தடம் அரை மணி நேரம் போகாது. நான் முதலில் கவனித்தது அதைத்தான். கெண்டைக்காலில் ரத்தக்குழாய் சுருண்டு புடைத்தது அதற்கு அப்புறம்.

2021-இல் சட்டம் திருத்தினார்கள், கடையில் வேலை செய்பவர்களுக்கு உட்கார இடம் கொடுக்க வேண்டும் என்று. கேரளத்தில் 2018-லேயே வந்துவிட்டது. எங்கள் செக்‌ஷனுக்கும் நாலு ஸ்டூல் வந்தன. இப்போது அதன்மேல் கட்டைப்பை அடுக்கி வைத்திருக்கிறார்கள். கஸ்டமர் இல்லாதபோது கட்டைப்பையை எடுத்துவிட்டு உட்காரலாம், யாரும் திட்ட மாட்டார்கள். ஆனால் யாரும் எடுக்க மாட்டோம், அதுதான் விஷயம். நான் கவுண்டருக்கு அடியில் ஒரு பலகை போட்டு ஒரு காலை மாற்றி மாற்றி வைத்துக்கொள்கிறேன். இடுப்புக்குக் கொஞ்சம் தேவலை.

ஐடி, கோயம்புத்தூர்

லேப்டாப்புக்கு அடியில் இரண்டு டிக்‌ஷனரி. கழுத்து வலி குறைந்தது. ஆனால் கீபோர்டும் சேர்ந்து மேலே போனதால் தோள் வலி ஆரம்பித்தது. தனி கீபோர்டு வாங்கிய பிறகுதான் இரண்டும் விட்டன. வேறொன்றும் சொல்ல இல்லை.

ஓவர்லாக் டெய்லர், திருப்பூர்

அக்காதான், தம்பி. :)

ஸ்டூல் சமாச்சாரம் எங்களுக்கும் தெரிந்ததுதான். எங்கள் சூப்பர்வைசர் நல்ல மனுஷன், லைட்டைப் பற்றிச் சொன்னதும் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மெஷின் தலையிலேயே சின்ன எல்ஈடி ஒன்று மாட்டிக் கொடுத்தார். ராத்திரிக்கு டாக்டர் கொடுத்த மணிக்கட்டுப் பட்டை போட்டுக்கொள்கிறேன், மரத்துப்போவது வாரத்தில் ஒருநாளாகக் குறைந்திருக்கிறது. பக்கத்து மெஷின்காரி தனக்கும் லைட் வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். அவள் டேபிள் விளிம்பிலும் துணி கட்டியிருக்கிறது, நேற்றுதான் பார்த்தேன்.