காஸ்ப்ளேக்கு, அதாவது சினிமா, காமிக்ஸ் பாத்திரம் மாதிரி வேஷம் கட்டறதுக்கு, காயலான் கடைல கவசம் தேடினவங்க எல்லாம் வாங்க, உங்க அனுபவத்த கொட்டுங்க

நானே ஆரம்பிக்கிறேன். 2024 பிப்ரவரில சென்னை நந்தம்பாக்கம் டிரேட் சென்டர்ல காமிக்ஸ், சினிமா ரசிகர்கள் கூடற காமிக் கான் விழா நடந்துச்சுல்ல, அங்க கவசம் மாட்டிட்டு சுத்தினவங்களப் பாத்ததுலேர்ந்து எனக்கும் பித்து பிடிச்சிருச்சு. தோளுக்கு வளைவா ஏதாவது கிடைக்குமான்னு பழைய வண்டி பாகம் விக்கிற புதுப்பேட்டைக்குப் போயி ஒரு கடைல பழைய மட்கார்டா பொறுக்கிட்டு இருந்தேன். கடைக்கார அண்ணன் "எந்த வண்டிக்குப்பா?"ன்னாரு. "வண்டிக்கு இல்லண்ணே, தோளுக்கு"ன்னு ஒண்ண எடுத்து மேல வெச்சுக் காட்டினேன். மேலயும் கீழயும் பாத்துட்டு உள்ள போனவரு ஸ்கூட்டர் சைடு பேனல் ஒரு ஜோடி எடுத்துட்டு வந்து "தகரம் கழுத்த கிழிச்சிரும், இது பிளாஸ்டிக்கு, உள்ள ஸ்பாஞ்ச் ஒட்டிக்கோ"ன்னு சொல்லி எடைக்கு போட்டுக் குடுத்தாரு. அந்த பேனல்ல இருந்த ஸ்க்ரூ ஓட்டை, கீறல் எதையும் நான் மூடல, மேல வெள்ளி பெயின்ட் அடிச்சு, கறுப்பு அக்ரிலிக்க தண்ணியா கரைச்சு தடவி உடனே துணியால துடைச்சுட்டேன், கறுப்பு போயி கீறல்ல மட்டும் உக்காந்துச்சு பாருங்க, சண்டைல அடி வாங்கின கவசம் மாதிரியே ஆயிருச்சு.

---

செம ப்ரோ. நான் கோயம்புத்தூர், எனக்கு கிடைச்சது பசங்க விளையாடுற பசில் மேட், துண்டு துண்டா கோத்து தரைல விரிக்கிற ஃபோம் பாய். நர்சரி ஸ்கூல் ஒண்ணு காலி பண்ணும்போது வாட்ச்மேன் அண்ணன் "எடுத்துட்டுப் போ தம்பி, குப்பைக்குத்தான் போகுது"ன்னாரு. அளவு எடுக்க ஒரு வழி சொல்றேன், நெஞ்சுல கிளிங் ஃபிலிம் (சாப்பாட்ட மூடற மெல்லிசு பிளாஸ்டிக் தாள்) சுத்தி அது மேல மாஸ்கிங் டேப் முழுக்க ஒட்டி ஸ்கெட்ச்ல கோடு போட்டு வெட்டி எடுத்தா அதுதான் பேட்டர்ன், டெய்லரே வேணாம். சூடான காத்து ஊதற ஹீட் கன்ல காட்டினா ஃபோம் மேல இருக்குற பொடி ஓட்டையெல்லாம் மூடிக்கும், சூடா இருக்கும்போதே வளைச்சுப் புடிச்சா அப்படியே நிக்கும். ஒட்டுறதுக்கு ஃபெவிகால் எஸ்ஆர், ரெண்டு பக்கமும் தடவி கைல ஒட்டாத அளவுக்கு காயவிட்டு அப்புறம் அமுக்குங்க, ஜன்னல திறந்து வெச்சுக்கோங்க, நெடி தலைய சுத்தும். தெர்மாகோல் பக்கம் மட்டும் அத கொண்டு போயிராதீங்க, கண்ணு முன்னாடியே கரைஞ்சிரும்.

---

குப்பைல பண்றோம்னு யாரும் கூச்சப்படாதீங்க மக்களே, 1977 ஸ்டார் வார்ஸ்ல வந்த ஹீரோ லூக்கோட ஒளிவாள் கைப்பிடியே பழைய கிராஃப்ளெக்ஸ் கேமரா ஃப்ளாஷோட கைப்பிடிதான், ரப்பர் பட்டை ஒட்டி வாளாக்கிட்டாங்க. வெள்ளைக் கவச சிப்பாய்ங்க துப்பாக்கி ஸ்டெர்லிங் சப்மெஷின் கன். அடுத்த படத்துல வர்ற ஐஜி-88 ரோபோ தலை ரோல்ஸ் ராய்ஸ் டெர்வென்ட் ஜெட் இன்ஜினோட எரியறை, அந்த சாமானே முதல் படத்து மதுக்கடை சீன்லயும் பின்னாடி நிக்கும். நிஜ மெஷினோட பாகம்னா அதுக்குன்னு ஒரு நம்பகம் இருக்கு, ஃபோம்ல எவ்வளவு செதுக்கினாலும் அது வராதுங்கறது என் கட்சி, கோயம்புத்தூர் நண்பர் கோச்சுக்கக் கூடாது.

என் வேஷத்துக்கு செஞ்ச டம்மி துப்பாக்கி பிவிசி பைப்பு, செத்துப்போன மிக்ஸி மோட்டார் மூடி, ஷாம்பு டப்பா. மெட்ரோ ஸ்டேஷன்ல பைய ஸ்கேனர்ல விட்டதும் செக்யூரிட்டி அக்கா என்னை ஓரங்கட்டிட்டாங்க. துண்டு துண்டா கழட்டிக் காட்டினேன், "இது மிக்ஸி மூடிதானே, எங்க வீட்டுலயும் இதே கம்பெனிதான்"னு சிரிச்சாங்க, ஆனா மேலதிகாரி வந்து பாத்து தலையாட்டற வரைக்கும் விடல, நியாயம்தான். அதுலேர்ந்து கழட்டி மாட்டற மாதிரிதான் எதையும் செய்றது, பளிச்சுனு ஆரஞ்சு முனையும் வெச்சுட்டேன்.

ஹெல்மெட் முகத்துக்கு கறுப்பு கண்ணாடி மாதிரி ஷீட் எங்க கிடைக்கும், யாருக்காவது தெரியுமா?

---

ஷீட் எதுக்கு தலைவா, பைக் ஹெல்மெட் கடைல ஸ்மோக் வைசர், அதான் முகத்த மூடற கறுப்பு கண்ணாடி, தனியாவே விப்பாங்க. சூடு பண்ணாம கத்தரிங்க, ராத்திரில மட்டும் போட்டு நடக்காதீங்க, ஒண்ணும் தெரியாது.